ஏ.இ.டி. பெட்டியை எங்கே வைப்பது? லாபிச் சுவர், பூட்டிய அறை, செக்யூரிட்டியின் பை, சொந்த வீடு: ஓர் ஒப்பீடு

ஏ.இ.டி., அதாவது திடீரென நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி (ஷாக்) கொடுத்துத் துடிப்பை மீட்கும் கருவி, வாங்குவது என்று ஒரு குடியிருப்புச் சங்கமோ பள்ளியோ அலுவலகமோ முடிவு செய்துவிட்டால், பேச்சு உடனே எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று போய்விடுகிறது. எங்கே வைப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதுவும் "ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்டிவிடலாம், பத்திரமாக இருக்கும்" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முறையான அனுமதி பெற்ற ஏ.இ.டி. எதுவானாலும் அதன் வேலையைச் செய்துவிடும். விழுந்தவரின் நெஞ்சுக்கு அது எத்தனை நிமிடத்தில் வந்து சேர்கிறது என்பதில்தான் உயிர் தொங்குகிறது.

காரணம் எளிது. திடீர் இதய நிறுத்தமும் மாரடைப்பும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலிக்கிறது என்று சொல்வார். இதய நிறுத்தத்தில் பல நேரங்களில் இதயத்தின் மின்னோட்டமே தாறுமாறாகி, கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. ரத்தம் நகராது, சில நொடிகளில் நினைவு போய்விடும். நெஞ்சை அழுத்தினால் மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போகும். அந்த நடுக்கத்தை நிறுத்துவது ஷாக் மட்டுமே. இரண்டும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

போய்வரும் நேரம். கருவி இருக்கும் இடத்துக்கு ஓடுவது பாதி தூரம்தான். திரும்பி வரவும் வேண்டும். ஆள் விழுந்த இடத்துக்கு 3 நிமிடத்துக்குள் கருவி வந்துவிட வேண்டும், போக ஒன்றரை நிமிடம், வர ஒன்றரை நிமிடம் என்பது நல்ல இலக்கு. வேகமாக நடப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 100 மீட்டர் போவார். ஆகவே சமதரையில் ஒரு கருவி காக்கும் தூரம் அதிகம் போனால் 150 மீட்டர். மாடிப்படி, லிஃப்டுக்காகக் காத்திருப்பது, கார்டு காட்டித் திறக்கும் கதவு எல்லாம் இதைச் சுருக்கிவிடும்.

இந்த 3 நிமிடத்துக்கு முன்னும் பின்னும் கூட நேரம் போகிறது. இது இதய நிறுத்தம்தான் என்று புரியவே அரை நிமிடம் ஆகலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்: விழுந்தவர் கரையில் போட்ட மீனைப்போல விட்டுவிட்டு வாயைத் திறந்து மூடுவார், குறட்டைபோல ஒரு சத்தம் வரும். "மூச்சு இருக்கிறதே" என்று காத்திருப்பார்கள். அது மூச்சு அல்ல. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டும். கருவி வந்தபின் சட்டையை வெட்டி, ஷாக்கை உடலுக்குக் கடத்தும் ஒட்டுப் பட்டைகளான பேட்களை ஒட்ட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை, கருவி துடிப்பை ஆராய்ந்து சார்ஜ் ஆகப் பத்து, இருபது நொடி. எல்லாம் சேர்ந்தால் முதல் ஷாக்குக்கு 5 நிமிடம் நெருங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஒரு பூட்டு வேறு தேவையா என்பதை இந்தக் கணக்கோடு யோசியுங்கள்.

இரவு 2 மணி. எந்த இடத்தைப் பற்றிப் பேசினாலும் கேட்க வேண்டியது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை இரவு 2 மணிக்கு, இந்தக் கட்டடத்துக்கு அன்றுதான் வந்த ஒருவரால் இதை எடுக்க முடியுமா?

வெப்பமும் ஈரமும். பெரும்பாலான கருவிகள் 0 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். சூட்டில் பேட்களின் பசை காய்ந்துபோகும், கடுங்குளிரில் பாட்டரி வலுவிழக்கும்.

பார்த்துக்கொள்ளும் ஆள். கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அது காட்டும் சிறு பச்சை அடையாளத்தைப் பார்க்க ஒரு மனிதக் கண் வேண்டும்.

தொடரும் செலவு. பேட், பாட்டரி, பயிற்சி. இதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

## வழி 1: லாபியில் திறந்த சுவர்ப் பெட்டி

பூட்டு இல்லாத, கதவைத் திறந்தால் அலறும் பெட்டி. தரைத்தளத்தில், லிஃப்டுக்கு அருகே, எல்லோரும் தினமும் கடந்துபோகும் சுவரில். கைப்பிடி தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும். மேலே பச்சைப் பின்னணியில் வெள்ளை இதயமும் மின்னல் கீற்றும் கொண்ட சின்னம். உயிர்மீட்பு வழிமுறைகளை வகுக்கும் இல்கார் என்ற சர்வதேசக் குழு 2008-இல் இதைப் பரிந்துரைத்தது. சுவரோடு ஒட்டிய பலகை பக்கவாட்டிலிருந்து வருபவருக்குத் தெரியாது. சுவரிலிருந்து செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் பலகையாக வையுங்கள்.

திருட்டு பயம்தான் இதற்கு எதிராகச் சொல்லப்படுவது. அலாரம் அந்த பயத்தைப் பெருமளவு தீர்க்கிறது, கூடவே இன்னொரு வேலையும் செய்கிறது: சத்தம் கேட்டு ஆள் ஓடி வருவார்கள். அழுத்துபவர் 2 நிமிடத்தில் களைத்துவிடுவார், மாற்றுக்கு ஆள் வேண்டும். அந்த வகையில் அலாரம் உதவிக்கு ஆளனுப்பும் குரலும் ஆகிறது.

உயர்ந்த கட்டடங்களில் இந்த வழிக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. டொராண்டோ பகுதியில் குடியிருப்புகளில் நடந்த இதய நிறுத்தங்களைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வில், 3-ஆம் மாடிக்குக் கீழே பிழைத்தவர்கள் 4.2 சதவீதம், 3-ஆம் மாடியிலும் அதற்கு மேலும் 2.6 சதவீதம். 16-ஆம் மாடிக்கு மேலே 216 பேரில் 2 பேர் மட்டும். 25-ஆம் மாடிக்கு மேலே ஒருவர்கூட இல்லை. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்த பிறகும் லிஃப்டில் நேரம் போய்விடுகிறது.

ஆனாலும் லாபியே என் தேர்வு, ஒரு நிபந்தனையோடு: பெட்டி செக்யூரிட்டி மேஜையின் பார்வையில் இருக்க வேண்டும். 18-ஆம் மாடியில் இருப்பவர் கீழே இறங்கி, எடுத்து, மேலே ஏறினால் இரண்டு லிஃப்ட் பயணம். இன்டர்காமில் ஒரு வார்த்தை சொன்னால் செக்யூரிட்டி கருவியோடு மேலே வருவார், ஒரே பயணம். நேரம் ஏறக்குறையப் பாதி. இதற்குக் காசு எதுவும் தேவையில்லை. "இந்த அழைப்பு வந்தால் கேட்டை விட்டுப் போகலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்" என்று செக்யூரிட்டிக்கு எழுத்தில் கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் அந்த முதல் நிமிடம் தயங்கத்தான் செய்வார்.

மறைந்த செலவு: அலாரப் பெட்டிக்குத் தனி பாட்டரி உண்டு, அதையும் மாற்ற வேண்டும். திறந்த வாசலருகே என்றால் தூசியும் சாரலும் தாங்கும் கருவி வேண்டும், ஐ.பி. 55 என்ற மதிப்பீடு தூசிக்கும் எல்லாத் திசையிலிருந்தும் பாயும் நீருக்கும் தாக்குப்பிடிக்கும் என்று பொருள்.

## வழி 2: பூட்டிய அறை அல்லது பூட்டுப் பெட்டி

கருவி பத்திரமாக இருக்கும் என்பது உண்மை. பெரும்பாலும் கடைசிவரை அப்படியே, யாருக்கும் பயன்படாமல் பத்திரமாக இருக்கும். அலுவலக அறை மாலை 6 மணிக்குப் பூட்டப்பட்டால் வாரத்தின் 168 மணி நேரத்தில் நூறு மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் ஏ.இ.டி. இல்லை. சாவி ஒருவரிடம், அவர் சாப்பிடப் போயிருப்பார். அல்லது சாவிக்கொத்தில் பதினைந்து சாவி இருக்கும்.

எண் போட்டுத் திறக்கும் பெட்டி இதைவிட மேல். சில நாடுகளில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிடம் பெட்டியைப் பதிவு செய்துவிட்டால், அழைப்பவருக்கு அவர்களே எண்ணைச் சொல்கிறார்கள். அந்த ஏற்பாடு உங்கள் ஊரில் நடைமுறையில் இருந்து, பெட்டி தெருவோரத்தில் ஆளில்லாத இடத்தில் தொங்குமானால் பூட்டு சரி. எண்ணை எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டோம் என்பது ஏற்பாடு ஆகாது. நடுங்கும் கையோடு ஆறு மாதத்துக்கு முந்திய செய்தியை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

அறைக்குள் வைப்பதில் இன்னொரு கெடுதல் மெதுவாக வரும். பாட்டரி குறையும்போது கருவி விட்டுவிட்டு ஒரு கீச்சொலி எழுப்பும். பொதுச் சுவரில் என்றால் பத்துப் பேர் விசாரிப்பார்கள். மூடிய அறையில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்காது. அல்லது இரவுப் பணியில் இருப்பவர் தாங்க முடியாமல் பாட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிடுவார். அடுத்த மாதம் பார்த்தால் கருவி ஆணியில் அழகாகத் தொங்கும், உள்ளே உயிர் இருக்காது.

## வழி 3: செக்யூரிட்டியோடு சுற்றும் பை

மால், தொழிற்சாலை, பெரிய கல்லூரி வளாகம், விளையாட்டு நிகழ்ச்சி. இங்கே ஆள் எங்கே விழுவார் என்று தெரியாது, தூரமும் 150 மீட்டரைத் தாண்டும். பயிற்சி பெற்ற ஆள் கருவியோடு சுற்றினால் கருவியே ஆளைத் தேடிப் போகும். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்குப் பயிற்சியும் ஏ.இ.டி.யும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளியானது. கண்ணெதிரே விழுந்து, ஷாக் கொடுக்கக்கூடிய துடிப்புக் கோளாறு இருந்தவர்களில், 3 நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். 3 நிமிடம் தாண்டியபின் கிடைத்தவர்களில் 49 சதவீதம். எங்கும் கேமரா, எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள இடம் அது என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். 2021-இல் யூரோ கால்பந்துப் போட்டியில் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோதும் மைதானத்திலேயே சி.பி.ஆரும் (நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவி) ஷாக்கும் கிடைத்தன. பிழைத்து, பின்னர் மீண்டும் களத்துக்கே வந்தார்.

மறைந்த செலவு இதில்தான் மிக அதிகம். காவலாளிகள் அடிக்கடி மாறுவார்கள். மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து, ஆள் மாறும்போதெல்லாம் பயிற்சி வேண்டும். ரோந்து வண்டியில் வைத்தால் நண்பகல் வெயிலில் மூடிய வண்டிக்குள் 50 டிகிரி எளிதில் தாண்டும். பையை இறக்கி வைத்த இடம் மறந்துபோவதும் உண்டு. ஷிஃப்ட் மாறும்போது பையைக் கைமாற்றிக் கையெழுத்துப் போடும் ஒரு பதிவேடு இல்லையென்றால் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

## வழி 4: சொந்த வீட்டில் ஒன்று

இதய நிறுத்தங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நடக்கின்றன. ஆகவே வீட்டில் ஒன்று வைப்பது நியாயமான யோசனைபோலத்தான் தோன்றும். ஆய்வு வேறு கதை சொல்கிறது. இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு வந்து மீண்ட 7,001 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவின் வீட்டில் சி.பி.ஆர். பயிற்சி மட்டும், மற்றதில் ஏ.இ.டி.யும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. இறந்தவர்கள் 6.5 சதவீதமும் 6.4 சதவீதமும்; வித்தியாசமே இல்லை எனலாம். கருவி பயன்பட்டது 32 பேருக்கு. ஷாக் தேவைப்பட்டுக் கிடைத்தவர்கள் 14 பேர், அவர்களில் பிழைத்தவர்கள் 4 பேர்.

விழும் நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லை, அல்லது தூக்கத்தில் நடந்துவிட்டது என்றால் அலமாரியில் இருக்கும் கருவியால் எதுவும் ஆகாது. தனியாக வாழ்பவர் தனக்காக வாங்குவதில் பயனே இல்லை. தன் நெஞ்சில் தானே ஒட்டிக்கொள்ள நினைவு இருக்காது. உடலுக்குள் ஐ.சி.டி. என்ற சிறு ஷாக் கருவி பொருத்தப்பட்டவருக்கு ஷாக் உள்ளேயே கிடைத்துவிடுகிறது.

வீட்டில் வைப்பது பொருந்தும் நிலை ஒன்று உண்டு: பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறு கண்டறியப்பட்டவரோ ஐ.சி.டி.க்குக் காத்திருப்பவரோ வீட்டில் இருக்கிறார், பயிற்சி பெற்ற இன்னொருவர் எப்போதும் கூடவே இருக்கிறார், ஆம்புலன்ஸ் வர நெடுநேரம் ஆகும் இடம். அப்போதும் இதய மருத்துவரைக் கேட்டபிறகே. மற்றபடி, பத்து வீடுகள் தனித்தனியே யோசிப்பதைவிட அவை சேர்ந்து ஒன்றை வாங்கி லாபியில் மாட்டுவது எல்லா வகையிலும் மேல்.

## நான்கும் ஒரே பார்வையில்

| | கருவி வந்து சேரும் வேகம் | இரவு 2 மணிக்கு | பழுதாகும் விதம் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| திறந்த சுவர்ப் பெட்டி | 150 மீட்டருக்குள் நன்று. மேல்மாடிகளுக்குச் செக்யூரிட்டி கொண்டுவந்தால் நன்று | கிடைக்கும் | திருட்டு, தூசி, சாரல் | குடியிருப்பு, அலுவலகம், பள்ளி |
| பூட்டியது | சாவியையோ எண்ணையோ பொறுத்தது | பெரும்பாலும் கிடைக்காது | கீச்சொலி கேட்காது, பாட்டரி கழற்றப்படும் | எண் சொல்லும் ஏற்பாடு உள்ள ஆளற்ற தெரு |
| சுற்றும் பை | மிக வேகம், ஆள் பழகியிருந்தால் | ஷிஃப்ட் இருந்தால் | வண்டிச் சூடு, ஆள் மாற்றம் | மால், தொழிற்சாலை, மைதானம் |
| வீடு | அதே வீட்டுக்கு மட்டும் மிக வேகம் | விழித்திருக்கும் ஆளைப் பொறுத்தது | தேதி மறந்துபோவது | தெரிந்த ஆபத்து, கூட ஆள் |

## கருவியின் வகை: இதில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம்

செமி ஆட்டோமேட்டிக் கருவி, ஷாக் தேவை என்று தானே முடிவு செய்து, மின்னும் பொத்தானை அழுத்தச் சொல்லும். முழு ஆட்டோமேட்டிக் கருவி விலகி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே ஷாக் கொடுக்கும். பொத்தானை அழுத்தத் தயங்கும் பொதுமக்களே பயன்படுத்தப்போகும் லாபிக்கு இரண்டாவது நல்லது. பயிற்சி பெற்ற செக்யூரிட்டிக்கு முதலாவது. யாராவது இன்னும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு நொடி நிறுத்தி வைக்கலாம். இரண்டுமே தேவையற்றவருக்கு ஷாக் கொடுக்காது. ஹார்ட்சைன் என்ற கம்பெனியின் வரிசையில் 350பி செமி, 360பி முழு ஆட்டோமேட்டிக். அழுத்தத்தைத் திருத்திச் சொல்வது 500பி. பயிற்சி பெற்று நாளானவர்களுக்கு "இன்னும் ஆழமாக", "வேகமாக" என்று சொல்லும் குரல் பெரிய துணை.

குழந்தைகள் உள்ள இடத்தில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: குழந்தை முறைக்கு எப்படி மாற்றுவது? பிலிப்ஸ் எஃப்.ஆர்.எக்ஸ். கருவியில் தனிச் சாவியைச் செருகினால் அதே பேட்கள் குழந்தைக்கும் ஆகும். வேறு பலவற்றில் தனிப் பேட் வாங்க வேண்டும், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. 8 வயதுக்கு அல்லது 25 கிலோவுக்குக் கீழே குழந்தை முறை. அது இல்லையென்றால் பெரியவர் பேட்களையே ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில் என்று ஒட்டலாம்; ஒட்டாமல் இருக்கக் கூடாது.

## விலைப் பட்டியலில் தெரியாத கணக்கு

பேட்கள் பொதுவாக 2 முதல் 5 ஆண்டு, பாட்டரி 4, 5 ஆண்டு. ஒருமுறை ஒட்டிய பேட்களைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. ஷாக் தேவையில்லை என்று கருவி சொல்லிவிட்டாலும் அவை போனவைதான். ஹார்ட்சைனில் பேட்டும் பாட்டரியும் ஒரே உறைக்குள் 4 ஆண்டுத் தேதியோடு வரும். நினைவில் வைக்க ஒரே தேதி என்பது வசதி. ஒருமுறை பிரித்தால் பாட்டரியும் சேர்ந்து போவது அதன் விலை. ஸோல் ஏ.இ.டி. பிளஸில் 10 சிறு லித்தியம் பாட்டரிகள் உண்டு. அவற்றைக் கடையில் வாங்கலாம், ஆனால் பத்தையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய கருவியை வாங்கும் முன், அதற்குப் பேட் இன்னும் தயாராகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது வெறும் பெட்டி.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியது மூன்றுதான்: பச்சை அடையாளம், பேட் உறையின் தேதி, உறை பிரியாமல் இருப்பது. "சரியாக இருக்கிறதா பார்ப்போம்" என்று உறையைக் கிழித்துப் பார்த்துவிடாதீர்கள். பசை காயத் தொடங்கிவிடும். கூடவே ஒரு சிறு பை: துணி வெட்டும் கத்தரி, சவர பிளேடு, துண்டு, கையுறை, மூச்சு ஊதும்போது வைக்கும் வாய்மூடி.

## மிச்சப் பணம் இரண்டாவது கருவிக்கா, பயிற்சிக்கா?

3 நிமிட வட்டத்துக்கு வெளியே இன்னொரு பிளாக் இருந்தால் கருவிக்கு. இல்லையென்றால் தயங்காமல் பயிற்சிக்கு. 993 இடங்களில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. அதில் சி.பி.ஆர். மட்டும் கற்றவர்கள் இருந்த இடங்களில் பிழைத்தவர்கள் 15 பேர், ஏ.இ.டி.யும் இருந்த இடங்களில் 30 பேர். இரு பக்கமும் அழுத்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கருவி அந்தக் கைகளின் மேல்தான் ஏறி நின்றது.

பயிற்சியில் கையோடு கற்க வேண்டியவை: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுவது, 2 நிமிடத்துக்கு ஒருவர் மாறுவது. மூச்சு ஊதத் தெரிந்தால் 30 அழுத்தத்துக்கு 2. தெரியாவிட்டால் அழுத்தம் மட்டும், நிற்காமல். கருவி வந்ததும் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அழுத்தம் நின்றுவிடும். இதைத்தான் பயிற்சியில் உடைக்க வேண்டும்: ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்க, இன்னொருவர் பேட்களை ஒட்ட வேண்டும். வலது பேட் காறை எலும்புக்குக் கீழே. இடது பேட்டை முலைக்காம்பின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். அது அக்குளுக்குக் கீழே, விலாப்பக்கமாகப் போக வேண்டும், அப்போதுதான் மின்சாரம் இதயத்தின் ஊடே பாயும். வியர்வையைத் துண்டால் துடைக்க வேண்டும். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் மேடு தெரிந்தால் அதிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி. தோலில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் உரித்துவிட்டு. ஷாக் போனதும் நாடி பார்க்க நிற்காமல் உடனே மீண்டும் அழுத்தம். 2 நிமிடம் கழித்துக் கருவியே நிறுத்தச் சொல்லும். ஆம்புலன்ஸ் ஊழியர் எடுத்துக்கொள்ளும்வரை பேட்களைக் கழற்றவோ கருவியை அணைக்கவோ வேண்டாம்.

பயன்படுத்திய நாளிலிருந்து புதுப் பேட் வரும்வரை அந்தச் சுவர் காலி. வாங்கும்போதே ஒரு ஜோடி உபரிப் பேட்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அந்த இடைவெளி வராது. அதையும் போட்டுத் தீர்ந்திருந்தால், பெட்டியின் மேல் "கருவி இல்லை" என்றும் அடுத்த கருவி எங்கே இருக்கிறது என்றும் அன்றே எழுதி ஒட்டுங்கள். வெறும் பெட்டியைத் தேடி ஒருவர் நூறு மீட்டர் ஓடி வந்துவிடக் கூடாது.